எழுபத்திரண்டு குழந்தைகளில் ஒரு கனடாக்காரி

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுடைய பயிற்சிக் கையேட்டின் கடைசியில் சேர்க்க நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சாதனையாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என் பணிப் பதிவேட்டில் சாதனை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரே நாளில் எழுபத்திரண்டு மலைக் குழந்தைகளின் பிறப்புப் பதிவுக்கு விசாரணை முடித்ததற்காக ஒரு பாராட்டுக் கடிதம். அதற்குப் பின்னால் ஒரு சார்ஜ் மெமோவும் இருக்கிறது. இரண்டும் ஒரே முகாமுக்காக வந்தவை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்போது நான் துணை வட்டாட்சியர். ஜவ்வாது மலையில் தள்ளியிருக்கும் ஊர்களில் வீட்டிலேயே பிரசவம் நடந்துவிடும். பிறந்ததைப் பதியக் கீழே இறங்கி வந்தால் ஒரு நாள் வேலை கெடும், அதனால் பதிய மாட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போதுதான் பிறப்புச் சான்று எங்கே என்ற கேள்வி வரும். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்புக்குக் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். ஆணைக்கு விசாரணை அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையை எழுதுகிற ஆள் நான். மக்கள் ஏன் அலைய வேண்டும், நாமே மேலே போய் முகாம் நடத்துவோம் என்று முடிவானது. நல்ல முடிவுதான், இப்போதும் சொல்கிறேன்.

நான் செய்த கோளாறு என்னவென்றால், முந்தின வாரமே வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் 'சொந்த வீடு' என்று நானே அடித்து நூறு படிவம் அச்செடுத்துவிட்டேன். சான்று இல்லாத மலைக் குழந்தை வீட்டில் பிறக்காமல் வேறு எங்கே பிறந்திருக்கும்? கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு. என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள ஆள் வேண்டுமே, மனைவியிடம் காட்டினேன்.

"எல்லாத்தயும் நீங்களே எழுதிட்டா அவங்க இன்னாத்துக்கு வர்றாங்க?" என்றாள்.

உனக்கு நிர்வாகம் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

முகாம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. மலைக்காற்று படிவங்களை அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பெயர் அலமேலு, முப்பத்தைந்து வயது இருக்கும், சாமை பயிரிடுகிற குடும்பம். குழந்தை யாழினி, அவளுடைய தம்பி மகள், இரண்டரை வயது. அலமேலு ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, கருநீல அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சார், இத கொஞ்சம் பாருங்க."

"இன்னிக்கு எந்தக் காகிதமும் வேணாம்மா. அரசாங்கமே உங்களத் தேடி வந்திருக்குது. அத இதுமேல வையி, பறக்குது பாரு" என்றேன்.

அவள் வைத்தாள். அது கனடா நாட்டு பாஸ்போர்ட். ஒரு மணி நேரம் அது எங்கள் படிவங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கனமான அட்டை, வேலைக்கு வசதியாக இருந்தது. நடுவில் அதன் மேல் டீ டம்ளரை வைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அலமேலு பெருக்கல் குறியில் கையெழுத்துப் போட்டாள், புத்தகத்தை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஆணை வந்தது, சான்று வந்தது, எனக்குப் பாராட்டும் வந்தது.

யாழினியின் அம்மா அந்த ஊரிலிருந்து கனடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண். கணவரும், அதாவது அலமேலுவின் தம்பியும், கூடவே போனார். அங்கே மகள் பிறந்தாள். அந்த நாட்டு மண்ணில் பிறந்தால் அந்த நாட்டுக் குடிமகள். இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி ஷிப்ட், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. குழந்தைக்கு எட்டாம் மாதத்தில் கனடா பாஸ்போர்ட் எடுத்து, அதில் ஓராண்டு இந்திய விசா குத்தி, அக்கா அலமேலுவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். விசா முடிவதற்குள் அழைத்துப் போவதாகத் திட்டம். பிறகு விமானங்களே ஓடாத காலம் வந்தது. அது முடிந்தால் லீவு இல்லை, லீவு இருந்தால் டிக்கெட் இல்லை. அலமேலுவும், இன்னும் கொஞ்சம் வளரட்டுமே என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். விசா என்ற ஒன்று காலாவதியாகும் என்பது அவர்கள் மூவருக்கும் மறந்துபோனது.

அரசாங்கத்துக்கு மறக்கவில்லை. முகாம் முடிந்து மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'கனடா நாட்டவர், பெண், விசா காலம் முடிந்தும் வெளியேறவில்லை, மேற்படி நபரைக் கண்டறிந்து அறிக்கை அனுப்புக.' பிறந்த தேதியும் அதில் இருந்தது. வயது என்ன ஆகிறது என்று யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

தலைமறைவான வெளிநாட்டுப் பெண்ணைத் தேடி ஒரு காவலர் மலையேறினார். வெள்ளைத்தோல், பெரிய பை, கழுத்தில் கேமரா என்று ஓர் உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஊர் எல்லையில் ஒரு சாமைக் கொல்லையில் தகர டப்பாவைத் தட்டிக் கிளி ஓட்டிக்கொண்டிருந்த ஐந்து வயசுப் பெண்ணிடம்தான் முதலில் விசாரித்தார்.

"பாப்பா, இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரங்க யாருனா கீறாங்களா?"

"இல்லீங்க. தேன் வாங்க ஒருத்தரு வருவாரு. அவுரு ஒடுகத்தூரு."

தேடப்படும் நபரே கொடுத்த இந்த வாக்குமூலத்தின் பேரில் அவர் கீழே இறங்கினார். கிராம நிர்வாக அலுவலர் தன் பங்குக்கு, இக்கிராமத்தில் வெளிநாட்டவர் எவரும் வசிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே மேலொப்பம் போட்டவன் நான்.

ஆறு மாதம் கழித்து அப்பாவும் அம்மாவும் ஐந்து வார லீவில் வந்து இறங்கினார்கள். மகளைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போக வேண்டும். விசா முடிந்த வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் போவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பது அவர்களுக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பித்தார்கள். கோப்பு நகர்ந்தது. ஒரு நாள் காலை, வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேஜையில் மூன்று காகிதங்களை வரிசையாக வைத்தார். ஒன்று கனடா பிறப்புச் சான்று. இரண்டாவது எங்கள் முகாமில் வந்த பிறப்புச் சான்று. மூன்றாவது, அப்படி யாருமே அங்கே இல்லை என்ற அறிக்கை.

"சார், இந்தக் கொழந்த ரெண்டு எடத்துல பொறந்திருக்குது. இப்ப எங்கயும் இல்ல" என்றார்.

என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஆனால் அன்று எனக்குச் சட்டம் சொல்லித் தந்தவர் அவர்தான். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வளர்ந்த ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் நம்முடையது அந்த நிமிடமே போய்விடும், எழுதிக் கொடுக்கக்கூடத் தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்த நம்மவர் குழந்தைக்கு ஒரு வழி உண்டு. ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்து, வேறு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதி சொன்னால் நம் குடிமகள். இவளுக்கோ முதல் வேலையாக பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள், வழி மூடிவிட்டது. கனடாவுக்கு நீங்கள் எத்தனை நாட்டுக்காரர் என்பதைப் பற்றிக் கவலையே இல்லையாம். இலங்கையில் விண்ணப்பித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள விடுவார்களாம். ஜப்பானில் குறிப்பிட்ட வயதுக்குள் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்களாம். அர்ஜென்டினாவில் பிறந்தவர் எனக்கு இது வேண்டாம் என்று கெஞ்சினாலும் விட மாட்டார்களாம்.

"ஆனா எந்த நாட்டுச் சட்டத்துலயும் ஒருத்தி ரெண்டு தடவ பொறக்க எடமில்ல சார்" என்று முடித்தார்.

சிக்கல் அவர் அடுத்துச் சொன்னதில் இருந்தது. விசா தாண்டித் தங்கியதற்கு அபராதம் கட்டினால் போய்விடலாம், சின்னக் குழந்தை என்று தாராளமாகவே நடந்துகொள்வார்கள். ஆனால் வெளிநாட்டவர் என்பதை மறைத்து இந்தியப் பிறப்புச் சான்று வாங்கியது அந்தக் குடும்பம் என்று விசாரணையில் முடிவானால், யாழினியின் பெயர் தடைப் பட்டியலில் ஏறும். போன பிறகு இந்தியாவுக்குள் திரும்பி வர முடியாது. பொய் உறுதி கொடுத்ததற்காக அலமேலு மேல் வழக்கும் வரும்.

எங்கள் அலுவலகத்தில் அன்று நடந்த ஆலோசனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைமை எழுத்தர் நல்ல மனுஷன், யாரையும் சங்கடப்படுத்தப் பிடிக்காதவர்.

"ரெட்டப் புள்ளன்னு எழுதிட்டா இன்னா சார்? ஒன்னு கனடாவுல பொறந்துச்சு, ஒன்னு இங்க பொறந்துச்சு."

"அம்மா ஒருத்திதானய்யா?"

"பிரசவத்துக்கு நடுவுல வந்திருப்பாங்க" என்றவர், தான் சொன்னதைத் தானே ஒரு முறை யோசித்துப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

என் மேலதிகாரியின் யோசனை இன்னும் நேர்த்தியானது. கனடாக்காரி அகப்படவே இல்லை என்று நம் அறிக்கை இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். மலையில் பிறந்த இந்தியக் குழந்தைக்கு முறைப்படி இந்திய பாஸ்போர்ட் எடுத்து, கனடாவுக்கு விசா கேட்கட்டும். அதாவது, பெற்றவர்களோடு இருக்கத் தன் சொந்த நாட்டுக்குள் நுழையவே அவள் அனுமதி வாங்க வேண்டும். அது ஆகாது என்று தெரிந்ததும் அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எப்போ?"

"நாலு மாசங்க சார்."

"அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்குது. நீங்க அத நம்பிப் பரிந்துரை பண்ணீங்க. அவ்ளோதான். வேற எதுவும் நீங்க பேசத் தேவையில்ல."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். காகிதத்தின்படி அது முழு உண்மையும்கூட. பயந்துபோயிருந்த எனக்கு அந்த வார்த்தை இதமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் விசாரணைக்குப் போனேன்.

விசாரணையை இன்ஸ்பெக்டர் மேலே, அதே பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துக்கொண்டார். அலமேலு வந்தாள். அப்பாவும் அம்மாவும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். வெளிநாட்டவரான யாழினி நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அச்சில் இருக்கின்றன, வயது பார்த்து மாற்ற இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இல்லை.

"இந்தியாவுல தங்கியிருந்தப்ப எந்த வேலைனா செஞ்சீங்களா?"

யாழினி அத்தையைப் பார்த்தாள். "கிளி ஓட்னேன்."

"சம்பளம்?"

"பலாச்சொள."

இன்ஸ்பெக்டர் முகத்தை அசைக்காமல், வேலை செய்யவில்லை என்று எழுதினார். தடை செய்யப்பட்ட பகுதி எதற்காவது போனாயா என்ற கேள்விக்கு, ஆமாம், பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போனேன், அத்தை அடித்தாள் என்றாள். இந்தியாவில் யாரைத் தெரியும் என்ற கேள்விக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள். இருபது பேருக்கு மேல் போனதும் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். அதில் நாலைந்து பெயர் ஆடுகளுடையது என்று பிறகு அலமேலு சொன்னாள்.

அதற்குப் பிறகு அலமேலுவின் முறை. படிவத்தைக் காட்டி, இது உன் கையெழுத்தா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஆமாம் என்றாள்.

"கொழந்த இந்த வூட்ல பொறந்துச்சுன்னு எதுக்கும்மா எழுதிக் குடுத்தே?"

"நான் எழுதலீங்க. கையெழுத்துதான் போட்டேன்."

"படிக்காமயா போட்டே?"

"படிக்கச் சொல்லலீங்க."

அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். விரலை நீட்டி, இதோ இந்த சார்தான் என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ, எனக்கு ஞாபகமே இருக்காது என்று நினைத்தாளோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாக, "நான் ஜெயிலுக்குப் போறது பரவால்லீங்க. கொழந்த திரும்பி வர்றதுக்கு மட்டும் எதுவும் ஆவக் கூடாது" என்றாள். ஐந்து வருடம் வளர்த்தவள் பேசினாள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். கையில் முகாமின் எழுபத்திரண்டு படிவங்களும் இருந்தன. ஒன்றன் மேல் ஒன்றாகப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"எல்லாத்துலயும் பேரு கையால எழுதியிருக்குது, தேதி கையால எழுதியிருக்குது. பொறந்த எடம் மட்டும் டைப்புல இருக்குதுங்க சார்." என்னிடம் ஏதும் கேட்காமல் எழுந்தார். "நான் போயி டீ குடிச்சிட்டு வர்றேன். உங்க வாக்குமூலத்த நீங்களே எழுதி வையுங்க."

இருபது நிமிடம் போனது. நான் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பத்து நிமிடம், 'விண்ணப்பதாரரின் கையொப்பத்தை நம்பி' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்தது. முப்பது வருடம் எழுதிப் பழகிய கை. பேனாவை எடுத்தபோது எதிரே யாழினி இறங்கி வந்து, என் காகிதம் காற்றில் பறக்காமல் இருக்கத் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். எழுதுங்க என்பதுபோல என்னைப் பார்த்தாள். பொய் எழுத முடியவில்லை. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மூன்று வரி எழுதினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தை முகாமுக்கு முன்பே நான் நிரப்பினேன். விண்ணப்பதாரர் குழந்தையின் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தார், நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. பிறந்த இடம் எது என்று அவரை நான் கேட்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து படித்தார். "பாஸ்போர்ட்ட வாங்கி இன்னா பண்ணீங்க சார்?" என்று கேட்டார்.

"காகிதத்துமேல வெயிட் வச்சேன்."

"அதையும் எழுதிடுங்க. இல்லன்னா மேல இருக்கறவங்க நம்ப மாட்டாங்க."

எழுதினேன். குடும்பம் எதையும் மறைக்கவில்லை, தவறு முழுவதும் அலுவலகத்துடையது என்று கோப்பு முடிந்தது. யாழினியின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. எனக்கு சார்ஜ் மெமோ வந்தது, கண்டனம் என்ற சிறு தண்டனையோடு ஓய்வு பெற்றேன். மற்ற எழுபத்தொரு குழந்தைகளின் வீடுகளுக்கும் மறுபடி போய், பிறந்த இடம் எது என்று கேட்டு வரச் சொன்னார்கள். போனேன். இருவர் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தார்கள். ஒரு பையன் அமிர்தி போகும் பஸ்ஸில் பிறந்திருந்தான். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போமே என்றார்கள்.

எங்கள் சான்றை ரத்து செய்த ஆணையை அலமேலுவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் யாழினி விமானம் ஏறிவிட்டிருந்தாள்.

"அவ இங்க பொறக்கலன்னு இப்ப எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. கனடாவுலதான் பொறந்தா."

"அது எனக்குத் தெரியுங்க. அத சொல்லத்தான் அன்னிக்கு அந்தப் புக்க எடுத்தாந்தேன்."

இளையவர்களே, எனக்குக் கிடைத்த தண்டனைகளில் கண்டனம் சின்னது. பெரியது இதுதான்.

போன கோடையில் ஒரு மத்தியானம் திருப்பத்தூரில் என் வீட்டு வாசலில் அலமேலு நின்றாள். பக்கத்தில் யாழினி, முன்பல் ரெண்டு விழுந்து, ஒரு சாண் வளர்ந்து. முறையான விசாவில் வந்திருக்கிறாள். அலமேலு சென்னைக்கே போய் விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மலைக்குப் போகிற வழியில் அவளுக்கு என்னிடம் ஒரு வேலை இருந்தது. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் ஒரு நாளைக்குள் அதைப் பதிய வேண்டும் என்று சட்டம். அவள் அந்தப் படிவத்தை அச்செடுத்து வாங்கி வந்திருந்தாள்.

"எங்க வூட்ல ஒரு வெளிநாட்டுக்காரங்க தங்கப் போறாங்க சார். பிரவுசிங் சென்டர்ல ஏத்தணுமாம், அதுக்கு முன்னாடி நிரப்பிக்கினு வரச் சொன்னாங்க" என்றாள், சிரிக்காமல்.

தன் கையாலேயே முக்கால்வாசி நிரப்பியிருந்தாள். விருந்தினரின் நாடு, கனடா. தங்குபவருக்கு உறவு, அத்தை. வந்த காரணம் என்ற இடத்தில், வூட்டுக்கு வந்திருக்கா என்று எழுதியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. எத்தனை நாள் தங்குவார் என்ற கட்டம்.

"இது இன்னாம்மா, விட்டுட்டே?"

"அத நான் அவள கேக்கலீங்க. நீங்க கேட்டு எழுதிக்குங்க. நான் வெளிய நிக்கறேன்." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

முப்பத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு கஷ்டமான விசாரணையை நான் செய்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டேன். "பாப்பா, எத்தன நாள் இருப்பே?"

யாழினி ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டாள். என் காதருகே வந்தாள்.

"இருபத்தாறு நாளுங்க. அத்தகிட்ட சொல்லாதீங்க. நானே மெதுவா சொல்லிக்கறேன்."

இருபத்தாறு என்று எழுதினேன். அலமேலு உள்ளே வந்து படிவத்தை வாங்கினாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.